கூரையில் தொங்கும் ஒளி: கம்பம் பள்ளத்தாக்கில் திரையிடலின் இட வரலாறு

1

தமிழ் சினிமா குறித்து நம்மிடையே எழுதப்பட்டவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரும்பாலும் எல்லாமே திரையை நோக்கி உட்கார்ந்துகொண்டு எழுதப்பட்டவை என்பது புலப்படும். கதை, வசனம், பிம்பம், நாயகன், ரசிகன் என்று நிறையவே பேசியிருக்கிறோம். அது தேவையான பேச்சுதான். ஆனால் கழுத்தைப் பின்பக்கம் திருப்பி, இந்த ஒளி எங்கிருந்து வருகிறது, அந்தக் கருவியை எங்கே வைத்தார்கள், வைக்க அனுமதி கொடுத்தது யார், அதன் கீழே உட்கார முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

இந்தக் கேள்வியை இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. தேனி, போடி, கம்பம் போன்ற ஊர்களில் ஏலக்காய் வியாபாரத்திலும் திராட்சையிலும் கமிஷன் மண்டியிலும் காசு பார்த்தவர்கள் கட்டுகிற புது வீடுகள் சிலவற்றில் 'ஹோம் தியேட்டர்' என்று ஓர் அறை சேர்ந்திருக்கிறது. காங்கிரீட் தளத்தில் துளை போட்டு, இரும்புத் தண்டு இறக்கி, அதில் புரொஜக்டரைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். எதிர்ச்சுவரில் நூறு அங்குலத் திரை. சோபாவில் நான்கு பேர். இதை நுகர்பொருள் மோகம் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போய்விடலாம். தள்ளுவது சுலபம், பயன் ஒன்றும் இல்லை. 'தியேட்டர்' என்ற சொல்லே வீட்டுக்குள் குடிவந்திருக்கிறது என்றால், அது வருவதற்கு முன் எங்கெங்கே இருந்தது என்று பார்க்க வேண்டாமா?

புரொஜக்டர் வைக்கப்பட்ட இடங்களின் வரலாறு, இந்தப் பள்ளத்தாக்கில் யார் யாரோடு கூடி உட்காரலாம் என்பதன் வரலாறாகவும் இருக்கிறது. இக்கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

2

1895ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 28இல் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். ஏழு மாதம் முடிவதற்குள், 1896 ஜூலை 7 அன்று, அந்தப் படங்கள் பம்பாய் வாட்சன் ஓட்டலுக்கு வந்துவிட்டன. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. என்றாலும் பின்னால் இரண்டும் இந்த ஊர்களில் சந்தித்துக்கொண்டன. பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையச் செய்தது. அறுப்பு முடிந்து கையில் கூலி புழங்கும் காலம் என்று ஒன்று உண்டானது. 1950களின் இறுதியில் அதே தண்ணீர் லோயர்கேம்ப்பில் மின்சாரமாகவும் மாறத் தொடங்கியது. அறுப்புக் கூலியும் மின்கம்பியும் வந்து சேர்ந்த இடங்களில் கொட்டகை போட்டார்கள்.

தமிழ்நாட்டில் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றியவர்களில் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் வரைவாளராக இருந்தவர். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை வாங்கி, கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். கருவி நடந்துகொண்டே இருந்த காலம் அது. இன்றைக்கு ஒரு மைதானம், அடுத்த மாதம் வேறொன்று.

நடமாடும் எதையும் அரசு சந்தேகத்தோடுதான் பார்க்கும். 1918இல் காலனிய அரசு சினிமாட்டோகிராஃப் சட்டம் இயற்றியது. உரிமம் பெற்ற இடம் தவிர வேறெங்கும் படம் காட்டக்கூடாது என்பது அதன் ஒரு கால். தணிக்கை மறு கால். உரிமத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் தீ. அன்றைய நைட்ரேட் பிலிம் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. காரணம் பொய்யில்லை. ஆனால் தீயைப் பற்றிய பயமும் கூட்டத்தைப் பற்றிய பயமும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்த பிரிவுகளாக உட்கார்ந்திருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

இங்கே மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கே உரிய இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டது. ரேகை பதிவு செய்ய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பின்னும் 1947 வரை அந்தச் சட்டம் இருந்தது. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். சினிமாவோ ராத்திரியில் நடப்பது, பக்கத்து ஊரில் நடப்பது. டிக்கெட் காசு கையில் இருந்தும் இரண்டாம் ஆட்டத்துக்குப் போக முடியாத மனிதர்கள் இந்தப் பகுதியில் இருந்தார்கள் என்பதற்குத் தனியாக ஆவணம் வேண்டாம். அந்தச் சட்டமே ஆவணம். ஒளி எங்கே எரியலாம் என்று ஒரு சட்டம் சொன்னது. இருட்டில் யார் நடமாடலாம் என்று இன்னொரு சட்டம் சொன்னது.

3

சுதந்திரத்துக்குப் பிறகு உரிமம் கொடுக்கும் வேலை மாநிலத்தின் கைக்கு முறையாக வந்தது. 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் கலெக்டரை உரிமம் தருபவராக்கியது. நிரந்தரக் கொட்டகை, பாதி நிரந்தரம், டூரிங் என்று வகை பிரித்தார்கள். நகரத்து முதலாளிக்கு நிரந்தரம், கிராமத்துக்குத் தற்காலிகம். கீற்றுக் கூரை, மூங்கில் கால், மணல் தரை. மதுரையில் 1952இல் தங்கம் தியேட்டர் 'பராசக்தி'யோடு பிரம்மாண்டமாகத் திறக்கப்பட்டபோது, மேற்கே பள்ளத்தாக்கின் சிற்றூர்க்காரர்களுக்குச் சினிமா என்றால் டூரிங் கொட்டாய்தான்.

அந்தக் கொட்டாயில் உருப்படியான கட்டடம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு: கேபின். ஜனங்கள் தலைக்கு மேலே ஓலை இருக்கலாம், கருவிக்கு மேலே ஓலை இருக்கக்கூடாது. எனவே கேபினை மட்டும் தீப்பிடிக்காத பொருளால் கட்டி, ஒளி போக ஒரு துவாரம், ஆபரேட்டர் எட்டிப் பார்க்க ஒரு துவாரம் விட்டார்கள். உள்ளே ஒரே ஒரு புரொஜக்டர். இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி நெருங்கி நின்று வெள்ளை வெளிச்சம் கக்கும். எரிய எரியக் குச்சி தேயும். இடைவெளி கூடினால் திரை மங்கும். அதைக் கண் எடுக்காமல் பார்த்துச் சரி செய்துகொண்டே இருப்பது ஆபரேட்டர் வேலை. இரண்டாயிரம் அடி ரீல் இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொரு புரொஜக்டர் இல்லாததால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கு, கடலை, டீ, பீடி. ஒரு படத்துக்கு நாலைந்து இடைவேளை என்பது இங்கே சினிமாவின் இலக்கணமாகவே இருந்தது.

1970இல் ழான் லூயி பௌத்ரி எழுதிய கட்டுரை நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பார்வையாளன் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். கருவி அவன் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மறைந்திருப்பதாலேயே திரையில் வருவதைத் தன் பார்வையாக அவன் நம்புகிறான் என்பது அதன் சாரம். பாரிஸ் தியேட்டருக்கு இது பொருந்தலாம். நம்ம டூரிங் கொட்டாயில் கருவி எப்போது மறைந்திருந்தது? கடகடவென்று சத்தம் கேட்கும். பீடிப் புகைக்குள் ஒளிக்கற்றை திரண்டு தெரியும். பையன்கள் எழுந்து நின்று கையை நீட்டினால் நாயகன் முகத்தில் ஐந்து விரல் விழும். படம் மங்கினால் கேபினைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். உள்ளே இருக்கிற ஆளைப் பேர் சொல்லியே திட்டுவார்கள். கருவியும் அதை ஓட்டும் உழைப்பும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தன. ஐரோப்பியக் கோட்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் இந்தக் கூச்சலைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

கொட்டகைக்குள் உட்காரும் முறை பற்றிக் கா. சிவத்தம்பி 1981இல் சொன்னது பலராலும் எடுத்தாளப்படுவது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்து களம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, வாங்கும் சக்தி என்றார். இதன் முக்கியத்துவத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலையில். அந்த வாசலுக்குப் போராட்டம் வேண்டியிருந்தது. கொட்டகை வாசலுக்கு டிக்கெட் போதும். காசை வாங்கிக் கொட்டகைப் பெட்டியில் போட்டபின், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க முடியாது.

ஆனால் வாங்கும் சக்தி என்பது ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. சொந்த நிலம் உள்ளவர் சேர் டிக்கெட் எடுப்பார். குத்தகைக்காரர் பெஞ்சு. கூலிக்குப் போகிறவர் தரை. பள்ளத்தாக்கில் நிலம் யாரிடம் இருந்தது, நாற்று நட்டது யார் என்று தெரிந்தவர்களுக்கு, தரை டிக்கெட்டில் யார் உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியும். சாதி வாசலில் தடுக்கப்பட்டு, விலைப்பட்டியலின் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவே குட்டைச் சுவர் அல்லது படுதா. எனினும் ஒரு வேடிக்கை உண்டு. கேபினிலிருந்து கிளம்பும் ஒளி சேரைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, தரையைத் தாண்டித்தான் திரைக்குப் போக வேண்டும். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்த தரை டிக்கெட்காரரின் தலை, பின்னால் காசு கூடக் கொடுத்தவருக்கு மறைத்தது. அவரை உட்காரச் சொல்லிக் கத்தலாமே தவிர, இல்லாமல் ஆக்க முடியாது.

கொட்டகையைப் பற்றிய ஏக்கப் பாட்டாக இதை யாரும் வாசித்துவிடக் கூடாது. 1979இல் தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகை தீப்பிடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கேபினுக்கு ஓடு, ஜனங்களுக்கு ஓலை என்ற ஏற்பாட்டின் விலை அது.

4

ஒளி வீட்டுக்குள் நுழைந்தது புரொஜக்டர் வழியாக அல்ல, பெட்டி வழியாக. கொடைக்கானல் மலைக் கோபுரத்திலிருந்து தூரதர்ஷன் வந்தது. எண்பதுகளில் டி.வி.யையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டினார்கள். தமிழக அரசு 1984இலேயே வீடியோ கேசட் மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் போட்டது. அதே 1984இன் கடைசியில் நடந்த தேர்தலில், புரூக்ளின் மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆர் ஆண்டிபட்டித் தொகுதியில் வேட்பாளர். அவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார் என்று காட்டும் வீடியோவை அவர் கட்சி வேனில் வைத்து ஊர் ஊராக ஓட்டியது. தொகுதியில் கால் வைக்காமலே அவர் ஜெயித்தார். வீடியோவை உரிமத்துக்குள் அடைக்க நினைத்த அதே அரசியல், வீடியோவைத் தெருவில் விட்டு ஆட்சிக்குத் திரும்பியது. திரையிடல் ஒழுங்குமுறை என்பது யாருடைய திரையிடலுக்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

வீட்டுக்குள் வந்த பெட்டியைச் சுற்றிப் புதிய இருக்கை வரிசை ஒன்று உருவானது. சொந்தக்காரர்கள் கூடத்தில். பக்கத்து வீட்டார் திண்ணையில். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே. இதற்கு டிக்கெட் கிடையாது என்பதுதான் சங்கடம். டிக்கெட் இருந்தால் உரிமை இருக்கும். இங்கே வீட்டுக்காரரின் தயவு மட்டும்தான். கொட்டகையில் தரையிலாவது உட்கார்ந்தவர், இங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1989இல் போடியிலும் சுற்று ஊர்களிலும் நடந்த சாதிக் கலவரத்தை நினைவில் வைத்துக்கொண்டு யோசித்தால், இன்னார் வீட்டு வாசலில் இன்னார் போய் நிற்பது என்பது அந்த ஆண்டுகளில் எவ்வளவு பாரமான விஷயம் என்று புரியும்.

அதனால்தான் 2006இல் தொடங்கிய இலவசக் கலர் டி.வி. திட்டத்தை நான் எளிதில் கிண்டல் செய்ய மாட்டேன். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொடுக்கப்பட்டன. மக்களை மயக்க வந்த பெட்டி என்று நம் பத்திரிகைகளில் நிறைய எழுதினோம். மயக்கம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அடுத்தவர் ஜன்னலில் நின்ற ஒரு பெண் இனி நிற்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. பொதுவெளி சுருங்குகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள், அந்தப் பொதுவெளியில் தங்களுக்கு எந்த இடம் கிடைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

5

டி.வி.க்கு ஓலைக் குடிசையும் போதும். கூரையில் தொங்கும் புரொஜக்டருக்குப் போதாது. அதன் தொழில்நுட்பமே ஒரு சமூக விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது. நூறு அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் ஏறத்தாழ ஏழே கால் அடி. லென்ஸின் வீச்சு விகிதம் 1.5 என்றால், கருவி திரையிலிருந்து பதினோரு அடி தள்ளி நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து தொகுப்பு வீட்டில் இது நடக்காது. தண்டு இறக்கக் காங்கிரீட் தளம் வேண்டும். ஓட்டுக்கும் தகரத்துக்கும் ஆங்கர் போல்ட் ஏறாது. ஜன்னலை அடைத்து இருட்டாக்கினால் மூச்சு முட்டாமல் இருக்க ஏ.சி. வேண்டும். ஒரு சுவர் முழுக்க வெறுமையாக விடும் அளவுக்குச் சாமான் வைக்க வேறு இடம் வேண்டும்.

கருவியைத் தலைகீழாகத் தொங்கவிடுவது எதற்கு? மேசைமேல் வைக்கும்போது லென்ஸ் சற்று மேல்நோக்கி ஒளியை விடும்படி செய்யப்பட்டிருக்கிறது. கூரையில் கவிழ்த்தால் அதுவே கீழ்நோக்கி விழும். படத்தை மட்டும் அமைப்பில் போய்த் திருப்பிவிட வேண்டும். சாய்வாக மாட்டிவிட்டு 'கீஸ்டோன்' போட்டுக் கோணலை நிமிர்த்தலாம் என்றால், படத்தின் நுணுக்கத்தில் கொஞ்சம் போய்விடும். ஆகவே தண்டை நேராக, திரையின் நடுக்கோட்டில் இறக்குவதுதான் முறை. நம் ஊர் கூடத்தின் நடுக்கோட்டில் ஏற்கெனவே ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்: மின்விசிறி. இறக்கை ஒளியை வெட்டினால் திரை துடிக்கும். விசிறியை இடம் மாற்ற வேண்டும், அல்லது கருவியை விசிறிக்கு இந்தப்பக்கம் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டருக்கு முன்பே யோசித்துச் சுவருக்குள் பைப் விட்டிருந்தால் வயர் மறையும். இல்லாவிட்டால் சுவரைக் கொத்த வேண்டும்.

இவ்வளவு பாடும் ஒரே ஒரு பலனுக்காக. யார் எழுந்து நடந்தாலும் நிழல் திரையில் விழக்கூடாது. கொட்டாயில் தவிர்க்க முடியாதிருந்த அந்த மற்றவர் தலை, இங்கே வடிவியல் மூலமாகவே நீக்கப்படுகிறது. மற்றவர் தலை மட்டுமா போயிற்று? கேபினும் போயிற்று, அதற்குள் இருந்த ஆளும் போய்விட்டார். தியேட்டர்களிலும் 2010களில் பிலிம் ரீல் ஒழிந்து டிஜிட்டல் கருவி வந்தபோது, கார்பன் குச்சியின் தேய்மானத்தைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. படம் இப்போது பூட்டிய கோப்பாக வருகிறது; டிஜிட்டல் கம்பெனி சாவி கொடுத்தால்தான் திறக்கும். இந்தக் கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் முதல் ஒன்றரை மாதம் புதுப்படம் வெளியிடாமல் நிறுத்தினார்கள். வீட்டுப் புரொஜக்டரும் சந்தாக் கணக்கு இருக்கும்வரைதான் ஓடும். கலெக்டர் கொடுத்ததற்கும் உரிமம் என்றுதான் பெயர், மென்பொருள் கம்பெனி கொடுப்பதற்கும் உரிமம் என்றுதான் பெயர். தமிழ் இந்த விஷயத்தில் சரியாகவே சொல் கொடுத்திருக்கிறது.

கொட்டகை போட்ட ஆட்கள், மூங்கில் நட்டவர்கள், மணல் அடித்தவர்கள், அன்றைக்கே அந்தத் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். வீட்டுத் தியேட்டருக்குச் சென்ட்ரிங் அடித்தவர், துளை போட்ட எலக்ட்ரீஷியன் ஆகியோருக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் படம் பார்க்க அந்த வீட்டுக்கு வருவதில்லை.

6

இதற்கு மாறான ஒரு வரலாறும் இருக்கிறது. குமுளி ஏறி அந்தப்பக்கம் இறங்கினால் கேரளம். அங்கே ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் ஜனங்களிடம் காசு திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டினார்கள். இந்தப்பக்கம் மதுரையில் 1998 முதல் ஆர்.பி. அமுதனும் மறுபக்கம் நண்பர்களும் ஆவணப்பட விழா நடத்தத் தொடங்கினார்கள். மதுரைத் தெருவில் மலம் அள்ளிய ஒரு பெண்ணின் வேலையைக் காட்டும் அவரது 'பீ' (2003) எந்த நிரந்தரக் கொட்டகையிலும் ஓடுவதற்காக எடுக்கப்பட்டதல்ல. கல்லூரி அறை, சங்கக் கட்டடம், தெரு என்று கைப்புரொஜக்டர் போன இடங்களுக்கு அது போயிற்று.

சட்டம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. உரிமம் பற்றிய பிரிவு எழுத்தளவில் வீட்டையும் வெளியையும் பெரிதாகப் பிரிப்பதில்லை. நடைமுறையில் வீட்டை யாரும் கேட்பதில்லை. தணிக்கைச் சான்று பொதுத் திரையிடலுக்கு வேண்டும் என்கிறது. ஆக, கூரையில் தொங்கும் கருவிக்குச் சுதந்திரம் உண்டு, கதவு சாத்தியிருக்கும்வரை. கதவைத் திறந்து தெருவைக் கூப்பிட்டால் அதே கருவி 1918க்குப் போய்விடும்; சான்று எங்கே, அனுமதி எங்கே என்று ஆள் வருவார்கள். தனிச்சொத்தாக இருக்கும்போது பொழுதுபோக்கு, கூட்டத்தின் நடுவே வைத்தால் சட்டம் ஒழுங்கு.

கூரையில் மாட்டுகிற கருவியின் எடை சாதாரணமாக மூன்று நான்கு கிலோதான். தட்டில் நாலு திருகாணி. கழற்றினால் கைக்கு வந்துவிடும். ஒரு வெள்ளை வேட்டியும் ஸ்பீக்கரும் இருந்தால் படம் காட்டலாம். நம் வாசகர்களில் இப்படிக் கருவி வைத்திருப்பவர்கள் இப்போது சிலராவது இருப்பார்கள். ஆனால் கழற்றியவுடனே எல்லாம் ஜனநாயகமாகிவிடாது. தேனி மாவட்டத்து ஊர் ஒன்றுக்குள் அதைக் கொண்டுபோனால் முதலில் எழும் கேள்வி தொழில்நுட்பம் பற்றியதாக இருக்காது. திரையை எந்தத் தெருவில் கட்டுவது? ஊர்ச் சாவடி முன்னால் கட்டினால் காலனிக்காரர்கள் ஓரமாக வந்து நிற்பார்கள், அல்லது வரமாட்டார்கள். காலனியில் கட்டினால் ஊர்க்காரர்கள் வந்து தரையில் உட்காருவார்களா? டிக்கெட் கொடுத்த கொட்டகை இந்தக் கேள்வியைக் காசால் மூடி மறைத்தது. வீட்டுத் தியேட்டர் கேள்வியே வராதபடி கதவைச் சாத்திக்கொண்டது. திரை கட்டப் போகிறவர்கள் இதற்குப் பதில் தேடிக்கொண்டுதான் கயிற்றைக் கையில் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் திரையைக் காலனியில் கட்டுங்கள் என்பேன்.